ஆயர் மாமன்றமா, பொதுச்சங்கமா?

ராயபுரத்தில் ஞாயிறு பூசை முடிந்து டீ குடிக்கும்போது ஒருவர் கேட்டார்: "நம்ம கத்தோலிக்கத் திருச்சபையில ஆயர் மாமன்றமும் பொதுச்சங்கமும் ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. பொதுச்சங்கத்தில் உலக ஆயர்கள் (பிஷப்புகள்) எல்லோரும் திருத்தந்தையோடு (போப்போடு) சேர்ந்து முடிவே எடுக்கலாம். அவர் ஒப்புதல் தந்ததும் அது திருச்சபை முழுவதையும் கட்டுப்படுத்தும். அபூர்வமாகத்தான் கூடும். இதுவரை 21, கடைசியாக நடந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1962 முதல் 1965 வரை.

ஆயர் மாமன்றத்தை திருத்தந்தை ஆறாம் பவுல் 1965 செப்டம்பரில் அமைத்தார். ஆயர்களில் சிலர் கூடி ஆலோசனை சொல்வார்கள். முடிவெடுக்கும் அதிகாரம், திருத்தந்தை தனியாகக் கொடுத்தால்தான். நம்ம பங்குப் பேரவை (கோயில் அளவில் மக்கள் கூடிப் பேசும் குழு) மாதிரி என்று வையுங்கள்: பேச்சு எல்லோருடையது, கடைசிச் சொல் பங்குச் சாமியாருடையது.

சரி, வெறும் பேச்சுதானா? இரண்டாம் வத்திக்கானில் பெண்கள் உட்கார்ந்து கேட்க மட்டுமே முடிந்தது. 2023 மாமன்றத்தில் ஆயர்களோடு சேர்ந்து பெண்களும் வாக்களித்தார்கள். அதனாலேயே எனக்கு மாமன்றத்தின் மீது கொஞ்சம் சாய்வு.