கைண்ட்: இமேஜ் லெப்டொப்பில் இருக்கு, க்ளஸ்டருக்கு ஏன் தெரியேல்லை?

கிளவுட் பில் டொலரில் வரும். 2022 டொலர் தட்டுப்பாட்டுக்குப் பிறகு கொழும்பில் எந்த ஒஃபிஸிலும் டொலர் என்ற பேச்சை எடுத்தால் மேலிடம் இரண்டு தரம் யோசிக்கும். அதனால் இங்கே குபர்னெட்டிஸ் (கொன்டெய்னர் என்ற பொதிகளில் ஓடுகிற ப்ரோக்ராம்களைப் பல மெஷின்களில் நிர்வகிக்கிற மென்பொருள்) பழகுகிறவர்கள் அநேகமாகச் சொந்த லெப்டொப்பில்தான் தொடங்குகிறார்கள். லெப்டொப்பிலேயே குபர்னெட்டிஸ் ஓட்ட உதவுகிற மினிகியூப், கே3டி, கைண்ட் மூன்றையும் மாறிமாறிப் பாவித்துவிட்டு இப்போது கைண்டில் நிற்கிறேன். ஏன் என்று கேட்டால் ஒரு விஷயத்தை வைத்துத்தான் சொல்வேன்: நாம் டொக்கரில் பில்ட் பண்ணிய இமேஜை (ப்ரோக்ராமும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய பொதி) க்ளஸ்டருக்குள் (குபர்னெட்டிஸ் நிர்வகிக்கிற மெஷின் கூட்டம்) கொண்டு சேர்ப்பது. புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் தடக்கி விழுகிற இடம் அதுதான்.

எங்கள் ஒஃபிஸ் பம்பலப்பிட்டியில். போன மாதம் சேர்ந்த தம்பி ஒருவர் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, டொக்கர் இமேஜஸ் எண்டு அடிச்சா வடிவா லிஸ்டில நிக்குது. பொட் மட்டும் இமேஜ் புல் பேக்-ஓஃப் எண்டு நிக்குது. டொக்கர் லொகினும் செய்திட்டன்."

பொட் என்பது க்ளஸ்டரில் ஓடுகிற கொன்டெய்னரின் உறை. இமேஜ் புல் பேக்-ஓஃப் என்றால் இமேஜை இழுக்க முடியாமல் இடைவெளி விட்டு விட்டு முயல்கிறது என்று அர்த்தம். குபர்னெட்டிஸின் கொமாண்டான கியூப்சிடிஎல்லில் டிஸ்கிரைப் போட்டுப் பார்த்தோம். இவெண்ட்ஸில் கிடந்த செய்தியின் சாரம் இதுதான்: அனுமதி மறுக்கப்பட்டது, அப்படி ஒரு ரெப்போசிட்டரி இல்லை, அல்லது லொகின் தேவைப்படலாம். இதை வாசித்த யாரும் பாஸ்வேர்ட் பிழை என்றுதான் நினைப்பார்கள். வீட்டு நம்பரே பிழையாக இருக்கும்போது கேட் பூட்டியிருக்கு என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. அவர் இமேஜுக்கு வைத்த பெயர் வெறும் 'பில்லிங்:லேட்டஸ்ட்'. ரெஜிஸ்ட்ரியின் (இமேஜ்களைச் சேமித்து வைக்கிற சேவர்) பெயர் முன்னால் இல்லாவிட்டால் அது டொக்கர்.ஐஓ/லைப்ரரி/பில்லிங் என்று விரியும். டொக்கரின் பொது ரெஜிஸ்ட்ரியான டொக்கர் ஹப்பில் அப்படி ஒன்று எங்கே இருக்கப்போகிறது? லொகின் செய்தாலும் இல்லாததுதான் இல்லை.

சரி, லெப்டொப்பில் இருக்கிறதை ஏன் எடுக்கவில்லை? கைண்டில் ஒவ்வொரு நோடும் (க்ளஸ்டரின் ஒரு மெஷின்) ஒரு டொக்கர் கொன்டெய்னர். அதற்குள்ளே கொன்டெய்னர்களை ஓட்டுகிற கொன்டெய்னர்டி ஒன்று தனியாக ஓடுகிறது. அதற்கென்று தனி இமேஜ் களஞ்சியம். லெப்டொப்பின் டொக்கரில் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. நம்பாதவர்களுக்கு நான் காட்டுவது ஒரே கொமாண்ட்தான்: டொக்கர் எக்ஸெக் போட்டு கைண்ட்-கொன்ட்ரோல்-பிளேன் என்ற கொன்டெய்னருக்குள் க்ரைசிடிஎல் இமேஜஸ் அடியுங்கள். குபர்னெட்டிஸின் சொந்தப் பாகங்களான ஈடிசிடி, கோர்டிஎன்எஸ், கியூப்-ஏபிஐசேவர் எல்லாம் வரிசையில் நிற்கும். உங்களுடையது நிற்காது. அந்த லிஸ்டைப் பார்த்த பிறகு தம்பி வேறு எதுவும் கேட்கவில்லை.

மருந்து 'கைண்ட் லோட் டொக்கர்-இமேஜ்'. க்ளஸ்டருக்கு வேறு பெயர் வைத்திருந்தால் நேம் ஃப்ளாக்கையும் சேர்க்க வேண்டும்.

லோட் செய்த பிறகும் அதே பேக்-ஓஃப். இங்கேதான் பலர் வெறுத்துப்போய் கைண்டைத் திட்டுவார்கள். உண்மையில் இது குபர்னெட்டிஸின் விதி. டாக் (இமேஜ் பெயரில் ':'க்குப் பின்னால் வரும் பகுதி) லேட்டஸ்ட் என்று இருந்தால், அல்லது டாக்கே இல்லாவிட்டால், இமேஜை எப்போது இழுப்பது என்ற புல் பொலிசி தானாகவே 'ஓல்வேய்ஸ்' ஆகிவிடும். நோடில் இமேஜ் இருந்தாலும் ரெஜிஸ்ட்ரியில் போய்க் கேட்டே தீரும். வேறு டாக் கொடுத்தால் 'இஃப்-நொட்-ப்ரெசென்ட்', நோடில் இல்லாவிட்டால் மட்டும் இழுக்கும். தம்பி உடனே டாக்கை வி1 ஆக்கி, லோட் செய்து, கியூப்சிடிஎல் செட் இமேஜ் அடித்தார். திரும்பவும் அதே சிவப்பு. ஏனென்றால் அந்த பொலிசி, பொட்டை உருவாக்குகிற டிப்ளோய்மென்ட் முதன்முதல் உருவாகும்போது பதியப்படுவது. பிறகு டாக்கை மாற்றினால் அது கூடவே மாறாது. டிப்ளோய்மென்டின் யாம்ல் ஃபைலில் பொலிசியைக் கையால் எழுதியதும் பொட் எழும்பியது.

டெவலப்மென்டில் நான் 'நெவர்' (இழுக்கவே வேண்டாம்) என்றே போட்டுவிடுவேன். இமேஜ் நோடில் இல்லாவிட்டால் 'எர் இமேஜ் நெவர் புல்' என்று நேரே சொல்லும். நெட்வேர்க்கா, பாஸ்வேர்டா, பெயரா என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. பேக்-ஓஃப் இடைவெளி கூடிக்கூடி 5 நிமிஷம் வரை போகும் என்பதையும் ஞாபகம் வைத்திருங்கள். பிழையைச் சரிசெய்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் சரிவரவில்லை என்றே தோன்றும். பொட்டை அழித்துவிடுங்கள், புதிது உடனே கேட்கும்.

இதெல்லாம் தொல்லைதானே, மினிகியூப்பில் டொக்கர்-என்வ் போட்டால் நேரே உள்ளுக்கே பில்ட் ஆகுமே என்று கேட்பீர்கள். ஆகும், சுகமாகவும் இருக்கும். ஆனால் உண்மையான க்ளஸ்டர் எதுவும் உங்கள் லெப்டொப்பில் பில்ட் ஆனதைத் தானாக அறியாது. அந்த இடைவெளியை மறைக்காத டூல்தான் பழகுகிறவருக்கு நல்லது என்பது என் பிடிவாதம். கைண்டில் பார்த்த அதே பிழைச் செய்தியைத்தான் நாளைக்கு ப்ரொடக்‌ஷனிலும் பார்ப்பீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. லோட் கொமாண்ட் இமேஜை டார் ஆக்கி நோடுக்கு நோடு இறக்குகிறது. மூன்று நோட் வைத்திருந்தால் மூன்று பிரதி. பைதன் மெஷின் லேர்னிங் இமேஜ் மாதிரிப் பருத்த சாமான் என்றால் டிஸ்க் நிரம்பும், ஒரு வரி கோட் மாற்றியதற்காகத் தேத்தண்ணி குடித்துவிட்டு வர வேண்டியிருக்கும். அப்போது லெப்டொப்பிலேயே ஓடுகிற லோக்கல் ரெஜிஸ்ட்ரிதான் வழி. இமேஜில் மாறிய லேயர் (அடுக்கு) மட்டும் போகும். கைண்டின் ஆவணத்திலேயே அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. போர்ட் 5001, மெக்கில் 5000ஐ ஏர்ப்ளே பிடித்து வைத்திருக்கும் என்பதால். ஸ்கிரிப்டில் ஒரு வரியையும் விடாதீர்கள்: நோடுக்குள் இருந்து பார்த்தால் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்த நோடேதான், உங்கள் லெப்டொப் இல்லை. லோக்கல்ஹோஸ்ட் என்று கேட்பதை அந்த ரெஜிஸ்ட்ரிக்குத் திருப்பும்படி கொன்டெய்னர்டிக்குச் சொல்லிக்கொடுக்கிற ஹோஸ்ட்ஸ்.டொம்ல் ஃபைல் இல்லாவிட்டால் கதை கந்தல். இந்த விஷயத்தில் கே3டிக்குத்தான் புள்ளி: க்ளஸ்டர் உருவாக்கும்போதே ஒரு ஃப்ளாக்கில் ரெஜிஸ்ட்ரியும் சேர்ந்து வந்துவிடும்.

இன்னொன்று, கொழும்பு ஒஃபிஸ்களுக்கு முக்கியமானது. டொக்கர் ஹப் 2020 நவம்பரில் லொகின் இல்லாத புல்களுக்கு ஐபி முகவரி வாரியாக எல்லை வைத்தது. அப்போது 6 மணித்தியாலத்துக்கு 100. ஒரு மாடி முழுக்க ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் இருந்தால் எல்லோருடைய கணக்கும் ஒன்றாகத்தான் ஏறும். போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினாலும் அங்கேயும் ஆயிரம் பேருடன் ஐபியைப் பங்குபோடுவீர்கள். கைண்ட் க்ளஸ்டரை அழித்து அழித்து உருவாக்குகிறவர்கள் ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ் இமேஜ் எல்லாவற்றையும் ஒவ்வொரு தரமும் புதிதாக இழுப்பார்கள். பின்னேரம் ஆனதும் எல்லை தாண்டியதற்கான பிழை எண் 429, 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்'. லெப்டொப்பில் ஒருதரம் இழுத்து வைத்துவிட்டு அதையே லோட் செய்யுங்கள். டேட்டாவும் மிச்சம்.

லெப்டொப்பில் செய்த டொக்கர் லொகின் நோடுக்குள் போகாது. ப்ரைவேட் ரெஜிஸ்ட்ரி என்றால் லொகின் விவரத்தை வைத்திருக்கிற டொக்கர்-ரெஜிஸ்ட்ரி சீக்ரெட் உருவாக்கி, பொட்டின் இமேஜ் புல் சீக்ரெட்ஸில் அதன் பெயரைக் கொடுக்க வேண்டும். சீக்ரெட்டும் பொட்டும் ஒரே நேம்ஸ்பேஸில் (க்ளஸ்டருக்குள் பெயர் வைத்துப் பிரித்த பகுதி) இருக்க வேண்டும். டிஃபோல்டில் வைத்துவிட்டு ஸ்டேஜிங்கில் தேடுகிறவர்களை அடிக்கடி காண்கிறேன்.

8 ஜிபி ராம் லெப்டொப் என்றால் ஒரு நோடோடு நிறுத்துங்கள், சமாளிக்கும். ஒரு நாளில் நிமிஷத்துக்கு நிமிஷம் பில்ட் பண்ணுகிற ஃப்ரொன்ட்எண்ட் ஆட்கள் கே3டியை எடுக்கலாம். மற்றவர்களுக்கு என் வாக்கு கைண்டுக்குத்தான். தம்பி இப்போது சீக்ரெட்டில் நிற்கிறார். எந்த நேம்ஸ்பேஸ் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.