கும்பகோணத்தில் ஒரு மேடைப்பேச்சுப் பயிற்சி வகுப்பு

‘வெள்ளி நாவினர்’ என்று போற்றப்பட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1869-இல் பிறந்த வலங்கைமானுக்கு அருகில், கும்பகோணத்தில் வார இறுதிகளில் நடைபெறும் இந்த வகுப்பில், குரல் ஏற்ற இறக்கத்துக்கும் கையசைவுக்கும் முன்பாகவே நேர்மை கற்பிக்கப்படுகிறது. தலைவர் ஒருவர் கூறியதாக மாணவர் ஒருவர் சொன்ன வரிக்கு மூலம் காட்ட இயலாதபோது, ஆசிரியர் அதைப் பேச்சிலிருந்து நீக்கச் செய்தார். பிறர் கருத்தை எடுத்தாண்டால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும், எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில் எடுத்துரைத்த பிறகே மறுக்க வேண்டும் என்பதும் இங்கே மாறாத விதிகள். கைதட்டலுக்காக உண்மையை வளைக்கும் பேச்சுகளைக் கேட்டுப் பழகிவிட்ட நமக்கு இந்தக் கண்டிப்பு மிகவும் தேவை என்றே கருதுகிறேன்.

திருக்குறளின் ‘அவையறிதல்’ அதிகாரத்தை முன்வைத்து, மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாவிட்டால் குறுவைக்கு என்ன நேரும் என்பதை விவசாயிகளிடமும் கல்லூரி மாணவர்களிடமும் எவ்வாறு வெவ்வேறாக விளக்குவது என்று நடத்திய பாடம் மிகச் சிறப்பானது.

ஒலிவாங்கிப் பயிற்சி போதாது. கூட்டம் மிகுதியாதலால் ஒவ்வொருவருக்கும் பேசக் கிடைக்கும் நேரமும் குறைவு. கட்டணம் நியாயமானது. கிராம சபையில் பேசத் தயங்குபவர்களுக்கு இவ்வகுப்பை முதலில் பரிந்துரைப்பேன்.