ரீஸ்டோர், ரீசெட், ரிவெர்ட்: கிட்டில் எதை எப்போது பயன்படுத்துவது?

நிரல் கோப்புகளில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிட்டைப் புதிதாகக் கற்பவர்கள் ஆட் (அடுத்த பதிவுக்காக மாற்றங்களை எடுத்துவைப்பது), கமிட் (அவற்றை வரலாற்றில் பதிவது), புஷ் (அந்தப் பதிவுகளை மற்றவர்களுடன் பகிரும் களஞ்சியத்துக்கு அனுப்புவது) ஆகிய கட்டளைகளை விரைவிலேயே பழகிவிடுகிறார்கள். செய்த மாற்றத்தை விலக்கிக்கொள்ள வேண்டி வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். ஒத்த பெயர்களுடன் மூன்று கட்டளைகள் இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. தவறு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

இன்னும் கமிட் செய்யாத கோப்புக்கு ரீஸ்டோர் போதும். 2019 ஆகஸ்டில் வெளியான 2.23 பதிப்புக்கு முன்பு, ஒரு கிளையிலிருந்து (கமிட்டுகளின் தனி வரிசை) இன்னொன்றுக்கு மாறுவதற்கும் கோப்பை மீட்பதற்கும் செக்அவுட் என்ற ஒரே கட்டளைதான் இருந்தது. அந்த இரண்டு வேலைகளையும் ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று பிரித்தது புதியவர்களுக்குப் பெரிய உதவி. ஸ்டேஜ் செய்த, அதாவது ஆட் மூலம் அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைத்த கோப்பை ஸ்டேஜிலிருந்து மட்டும் விலக்க, ரீஸ்டோருடன் '--ஸ்டேஜ்டு' என்று சேர்த்தால், எழுதிய வரிகள் அப்படியே இருக்கும்.

கமிட் செய்த பிறகுதான் ரீசெட்டுக்கும் ரிவெர்ட்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தெரிகிறது. ஒரு கிளையில் அ, ஆ, இ என்று மூன்று கமிட்டுகள் வரிசையாக இருக்கின்றன, அவற்றில் ஆ மட்டும் பிழையானது என்று கொள்வோம். அ வரை ரீசெட் செய்தால் கிளையின் முனை அங்கே நகர்ந்துவிடும். ஆவோடு சேர்ந்து, எந்தக் குறையும் இல்லாத இயும் வரலாற்றிலிருந்து விலகும். ஆவை ரிவெர்ட் செய்தாலோ, அதன் மாற்றங்களுக்கு நேர்எதிரான மாற்றங்களைக் கொண்ட ஈ என்ற புதிய கமிட் இறுதியில் சேர, மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆ தொட்ட அதே வரிகளை இயும் தொட்டிருந்தால் மோதல் எழலாம். அதைக் கையால் தீர்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே, புஷ் செய்து மற்றவர்கள் எடுத்துக்கொண்ட கமிட்டுக்கு ரிவெர்ட்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. அங்கே ரீசெட் செய்தால், மாற்றிய வரலாற்றை ஃபோர்ஸ் புஷ் மூலம் திணிக்க வேண்டியிருக்கும். பழைய வரலாற்றின் மேல் வேலை செய்துகொண்டிருக்கும் சக நிரலாளர்கள் அனைவரும் அதனால் சிக்கலுக்கு உள்ளாவார்கள்.

உங்கள் கணினியை விட்டு வெளியேறாத கமிட்டுக்கு ரீசெட் மிக வசதியானது. '--சாஃப்ட்' மாற்றங்களை ஸ்டேஜிலேயே வைத்திருக்கும். எதுவும் குறிப்பிடாவிட்டால் ஸ்டேஜிலிருந்து இறக்கி, கோப்புகளைத் தொடாமல் விடும். '--ஹார்ட்' மட்டும் கிட் கண்காணிக்கும் கோப்புகளில் கமிட் செய்யாத திருத்தங்களையும் அழித்துவிடும் என்பதால், தொடக்கநிலையில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

தவறுதலாக ரீசெட் செய்துவிட்டாலும், விலகிப்போன கமிட்டை, கிளை முனையின் நகர்வுகளைக் குறித்துவைக்கும் ரீஃப்லாக் மூலம் கண்டெடுக்கலாம். அத்தகைய பதிவுகள் இயல்பான அமைப்பில் 30 நாட்கள் வரை அதே கணினியில் இருக்கும். கமிட் செய்யாத வரிகள் ரீஃப்லாக்கில் இடம்பெறுவதில்லை என்பதால், '--ஹார்ட்' கொடுப்பதற்கு முன் அரைகுறை வேலையாக இருந்தாலும் ஒரு கமிட் செய்துவிடுங்கள்.