விற்றவர் ஆளிடமே செயின் டோசர் பழகி ஏமாந்தேன்

வெள்ளகோவில், மூலனூர் பக்கம் பழைய செயின் டோசர் (டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் புல்டோசர்) வாங்கும் யோசனையில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

போன தை மாதம் 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கு ஒரு வண்டி எடுத்தேன். எங்கள் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலம்) நாலு ஏக்கரைச் சமன் செய்து தென்னை வைக்கலாம், அப்புறம் வாடகைக்கு ஓட்டலாம் என்று கணக்கு. டிராக்டர் ஓட்டுவேன், ஆனால் செயின் வண்டியில் ஏறியதுகூட இல்லை. "பத்து நாள் ஆள் அனுப்பிப் பழக்கி உடறனுங்க கண்ணு, பயப்படாதீங்க" என்றார் விற்றவர். அதற்குத் தனியாக 15 ஆயிரம். அந்தப் பேச்சை நம்பித்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வந்த ஆள் சமதரையில் மட்டும் ஓட்டவிட்டார். ரிவர்ஸில் திருப்பாதீர்கள் என்றார். செயின் டைட் செய்யும் கிரீஸ் நிப்பிளைத் தொட்டால் சீல் போய்விடும் என்றார். ஃபைனல் டிரைவ் (செயினைச் சுழற்றும் கடைசிப் பல்சக்கரப் பெட்டி) ஆயில் பிளக்கைப் பற்றிக் கேட்டேன். "வருசத்துக்கு ஒருக்கா பாத்தா போதுமுங்க." எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவர் போன மறுநாள் கிணற்றுக் காட்டுச் சரிவில் தனியாக இறங்கினேன். கிணறு இடப்பக்கம். இந்த வண்டியில் ஸ்டீயரிங் இல்லை, சமதரையில் எந்தப் பக்க லீவரை இழுக்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். விலகிப் போக வலது லீவரை இழுத்தேன். வண்டி கிணற்றைப் பார்த்துத் திரும்பியது! பிளேடைத் தரையில் இறக்கி அழுத்தியதால் பத்தடி முன்னால் நின்றது. கீழே இறங்கியும் வெகுநேரம் கை நடுங்கியது. இறக்கத்தில் வண்டியின் பாரமே அதைத் தள்ளுகிறது, இன்ஜின்தான் இரண்டு செயினையும் பிடித்து வைக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் லீவரை மட்டும் இழுத்தால் அந்தப் பக்கச் செயின் பிடி விட்டு வேகமாக உருளும், வண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். உயிர் போகிற விஷயம் இது, பத்து நாளில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரிவில் ஏற்றி இறக்கினால் வண்டியின் சத்தம் வெளியே வந்துவிடும் என்ற பயம் அவருக்கு.

அப்புறம்தான் வேளாண் பொறியியல் துறையில் புல்டோசர் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். முதல் வேலையாக அந்தப் பிளக்கைக் கழற்றினார். ஆயில் சொட்டவில்லை. விரலை விட்டு எடுத்தார், கட்டிக் கிரீஸ். பெருவிரலில் தேய்த்து வெயிலில் காட்டினார், இரும்புத் தூள் மினுமினுத்தது. பல் தேய்ந்த சத்தத்தை அமுக்கத்தான் அந்தக் கிரீஸ். செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் ஒவ்வொன்றும் வேல்முனை போலக் கூர்ந்திருந்தது. செயின் கண்ணிகளைக் கோக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து செயின் நீண்டிருந்தது, அதை டைட் செய்யும் அட்ஜஸ்டரோ கடைசி வரை வெளியே வந்துவிட்டது. ரிவர்ஸில் திருப்பினால் செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கும். ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றினால் தேய்ந்த செயின் புதுப் பல்லையும் தின்றுவிடும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றார். இதுவரை 2 லட்சத்து 80 ஆயிரம் ஆகிவிட்டது. விற்றவருக்குப் போன் செய்தால், "பழைய வண்டின்னு தெரிஞ்சுதானுங்களே வாங்குனீங்க" என்கிறார்.

பார்க்கப் போகும்போது காலையில், இன்ஜின் சூடாகும் முன்பே போய்விடுங்கள். செயினில் காய்ந்த மண் அப்பியிருந்தால் கழுவச் சொல்லுங்கள். ஃபைனல் டிரைவ் பிளக்கை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஓட்டப் பழக விற்கிறவரோடு சம்பந்தமில்லாத ஆளைப் பிடியுங்கள். நாலைந்து ஏக்கர்தான் வேலை என்றால் வேளாண் பொறியியல் துறையிலேயே மணிக்கணக்கில் புல்டோசர் வாடகைக்குக் கிடைக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.