லினக்ஸ் மடிக்கணினியில் டிவிடி டிரைவ் மந்தமானால்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

2008இல் வாங்கிய மடிக்கணினி என்னிடம் இன்னும் ஓடுகிறது. முதல் நாளிலிருந்தே அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகைதான். பக்கவாட்டில் உள்ள மெல்லிய டிவிடி டிரைவும் கணினியோடு வந்ததே. உறவினர்களின் திருமண டிவிடிகள், பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடிகள், புகைப்படங்கள் எழுதிவைத்த வட்டுகள் என்று எங்கள் குடும்பத்தில் சேர்ந்திருப்பவற்றையெல்லாம் வன்தட்டுக்கு நகலெடுக்கும் வேலையை இந்த டிரைவ்தான் செய்துவருகிறது. இது மந்தமாகிவிட்டதே என்று பலமுறை கவலைப்பட்டிருக்கிறேன். ஆனால் அதை மாற்ற வேண்டிய நிலை இதுவரை வரவில்லை. காரணம் பெரும்பாலும் டிரைவுக்கு வெளியேதான் இருந்தது. வேகத்தை அளந்து, லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் எழுதிவைக்கும் பதிவைப் படித்துப் பார்க்கும் முன் யாரும் புது டிரைவ் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எது மந்தம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவ்களின் வேகத்தை எக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். சிடிக்கு 1எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 150 கிலோபைட். டிவிடிக்கு 1எக்ஸ் என்பது 1,385 கிலோபைட். இரண்டுக்கும் இடையே ஒன்பது மடங்கு வேறுபாடு இருக்கிறது. மடிக்கணினிகளின் மெல்லிய டிரைவ்கள் பொதுவாக 24எக்ஸ் சிடி, 8எக்ஸ் டிவிடி என்ற அளவில்தான் வரும். அதாவது சிடியில் மூன்றரை மெகாபைட்டும் டிவிடியில் பதினொரு மெகாபைட்டும் உச்சம். அந்த உச்சமும் வட்டின் வெளிவிளிம்பில்தான் கிடைக்கும். வட்டில் தரவு உள்வட்டத்தில் தொடங்குவதால் நகலெடுக்க ஆரம்பித்ததும் நான்கு, நான்கரை மெகாபைட்தான் காட்டும், போகப்போக ஏறும். இது இயல்பு. இதைப் பழுது என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். டிரைவ்களைச் சோதிக்கவும் அமைக்கவும் உதவும் ஹெச்டிபார்ம் கட்டளையின் வேகச் சோதனை சில நொடிகள்தான் படிக்கும். அதுவும் வட்டின் தொடக்கப் பகுதியை மட்டும். எனவே அது காட்டும் எண்ணை அந்தக் குறைந்த வேகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். நல்ல வட்டாக இருந்தால் முழு டிவிடியும் கால் மணி நேரத்துக்குள் நகலாகிவிடும்.

என்னை அதிகம் படுத்தியது வேறொரு மந்தம். கீறல் விழுந்த திருமண டிவிடி ஒன்றைப் போட்டேன். அது நெடுநேரம் திணறிவிட்டு நின்றுபோனது. அதை எடுத்துவிட்டு, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேறொரு வட்டைப் போட்டால் அதுவும் இரண்டு மெகாபைட்டைத் தாண்டவில்லை. சுட்டி விட்டுவிட்டு நகர்ந்தது. டாப் கட்டளையில் பார்த்தால் மையச் செயலியின் நேரத்தில் பெரும்பகுதியைக் கர்னலே எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஓடுவது நல்ல வட்டு என்பதால், இது வட்டின் கோளாறு அல்ல என்று தெரிந்தது.

டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்துக் கர்னல் பதிவைப் பார்த்தேன். கணினி தொடங்கிய நேரத்தில் டிரைவுக்கு எதிரே 'கான்ஃபிகர்டு ஃபார் யூடிஎம்ஏ/33' என்று இருந்தது. கீழே வர வர, கட்டளை நேரம் கடந்தது என்ற பிழைகளும் இணைப்பை மீட்டமைத்த செய்திகளும் அடுக்கடுக்காக வந்தன. கடைசியில் 'கான்ஃபிகர்டு ஃபார் பிஐஓ4' என்று நின்றிருந்தது. நடந்தது இதுதான். கெட்ட வட்டைப் படிக்க முடியாமல் டிரைவ் உள்ளுக்குள்ளேயே திரும்பத் திரும்ப முயலும். கர்னல் முப்பது நொடி பொறுத்துப் பார்க்கும். பதில் வராவிட்டால் இணைப்பில்தான் ஏதோ கோளாறு என்று கருதும். இப்படிப் பலமுறை நடந்தால், பாதுகாப்புக்காகப் பரிமாற்ற முறையைப் படிப்படியாகக் கீழே இறக்கிவிடும். யூடிஎம்ஏ என்பது டிஎம்ஏ முறையின் ஒரு வகை. டிஎம்ஏ முறையில் தரவு நேராக நினைவகத்துக்குப் போகும். பிஐஓ முறையில் தரவின் ஒவ்வொரு சிறு துண்டையும் மையச் செயலியே அள்ளிப்போட வேண்டும். சுட்டி திணறியதற்கும் வேகம் விழுந்ததற்கும் அதுவே காரணம். கெட்ட வட்டை வெளியே எடுத்த பிறகும் கர்னல் தானாகப் பழைய முறைக்கு ஏறுவதில்லை. கணினியை அணைத்துத் தொடங்கியதும் மறுபடி யூடிஎம்ஏ/33 வந்தது, வேகமும் திரும்பியது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நகலெடுக்க உட்கார்ந்தால் பளிச்சென்று இருக்கும் வட்டுகளை முதலில் முடித்துவிடுவேன். கீறல், மங்கல் உள்ளவை எல்லாம் கடைசியில்தான்.

இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு தேடினால் ஹெச்டிபார்ம் மூலம் டிஎம்ஏவை இயக்குங்கள் என்ற அறிவுரைதான் முதலில் கண்ணில் படும். பழைய ஐடிஇ இயக்கிகள் (டிரைவ்களை ஓட்டும் கர்னல் நிரல்கள்) இருந்த காலத்தில், டிரைவ் ஹெச்டிசி என்ற பெயரில் தெரிந்த நாட்களில், அது சரியான மருந்து. டெபியன் 2011இல் வந்த ஆறாம் பதிப்பிலேயே லிப்ஏடிஏ என்ற புதிய இயக்கித் தொகுப்புக்கு மாறிவிட்டது. 2021இல் வந்த 5.14 கர்னலில் பழைய ஐடிஇ இயக்கிகளையே முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். உங்கள் டிரைவ் புதிய முறைப்படி எஸ்ஆர்0 என்ற பெயரில் தெரிந்தால் அந்தக் கட்டளை பிழைச்செய்தியைத்தான் தரும். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அடுத்தது புகைப்பட வட்டுகள். ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள டிவிடியைக் கோப்பு மேலாளரில் திறந்ததும், அது ஒவ்வொரு படத்துக்கும் சிறுபடம் உருவாக்கத் தொடங்கும். அதே நேரத்தில் நீங்கள் நகலெடுக்கவும் சொன்னால் டிரைவின் லேசர் தலை வட்டின் இரு வேறு இடங்களுக்கும் மாறிமாறி ஓட வேண்டியிருக்கும். ஆப்டிகல் டிரைவில் ஒவ்வொரு தாவலுக்கும் நூறு மில்லிநொடிக்கும் மேலாகும். காதைக் கொடுத்துக் கேட்டால், சீரான சுழலோசைக்கு நடுவே விடாமல் டக்டக் என்று கேட்கும். அந்த ஓசை கேட்டால் டிரைவில் குறை இல்லை, நாம் கேட்கும் முறையில்தான் குறை. சிறுபட வசதியை நிறுத்தலாம். அதைவிட நல்ல வழி, கோப்புகளைத் தனித்தனியாகத் தொடாமல் வட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது வட்டின் முழு நகலாக, எடுத்துவிடுவது. தலை உள்ளிருந்து வெளியே ஒரே ஓட்டமாகப் போய்விடும். பிறகு அந்தக் கோப்பை மவுண்ட் செய்து (வட்டைப் போலவே திறந்து) படங்களை நிதானமாகப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் இழுத்த வட்டுகள் இந்த முறையில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கின்றன.

ஆடியோ சிடி மெதுவாகப் போவதைப் பற்றிப் புகார் சொல்லவே மாட்டேன். சிடிபாரனோயா ஒரே பகுதியை மீண்டும் படித்து ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கருவி. மெதுவாகப் போவதுதான் அதன் பலம். கடையில் வாங்கிய திரைப்பட டிவிடி தொடங்கவே நேரமெடுத்தால், டிரைவில் மண்டலக் குறியீடு (உலகின் எந்தப் பகுதிக்கான டிவிடிகளை ஓட்டலாம் என்ற எண்) அமைக்கப்படாமல் இருக்கலாம். அதை ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது என்பதால் யோசித்து அமையுங்கள்.

வேகத்தைக் கூட்டுவதைப் போலவே குறைப்பதும் சில நேரம் பலன் தரும். கீறல் விழுந்த வட்டை முழு வேகத்தில் சுழற்றினால் டிரைவ் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். குறைந்த வேகத்தில் நிறுத்தினால் ஒரே சீராகப் படித்து முன்னதாகவே முடிக்கிறது. இஜெக்ட் கட்டளையின் சிறிய எக்ஸ் (-x) விருப்பம் இதற்குத்தான். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: அதில் கொடுக்கும் எண்ணைக் கர்னல் சிடியின் எக்ஸாகவே எடுத்துக்கொண்டு 177 கிலோபைட்டால் பெருக்கும். டிவிடியைப் போட்டுவிட்டு 8 என்று கொடுத்தால் கிடைப்பது டிவிடி கணக்கில் ஏறக்குறைய 1எக்ஸ்தான். டிவிடியில் 4எக்ஸ் வேண்டுமென்றால் 32 என்று கொடுக்க வேண்டும். பூஜ்யம் கொடுத்தால் உச்ச வேகம். வட்டை மாற்றியதும் இந்த அமைப்பு போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

லென்ஸைத் துடைப்பதை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். மெல்லிய டிரைவில் தட்டை வெளியே இழுத்தாலே லென்ஸ் கண்ணுக்கு எதிரே வந்துவிடும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. கணினியை அணைத்து, முதலில் காற்றூதும் பம்பால் தூசியை அகற்றுவேன். போதவில்லை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் அழுத்தாமல் ஒரு தொடுதல். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருப்பதால் கை கனக்கக் கூடாது. வட்டைத் துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்து உண்டாகும் கீறல் தடத்தோடு நீளமாகப் போகும், பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது.

இத்தனையும் செய்தும் நின்றுபோகும் வட்டுகளுக்கு பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கருவியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். தொகுதி அளவை 2048 என்று கொடுத்து, முதல் சுற்றில் கடினமான பகுதிகளைத் தோண்டாமல் விட்டுவிடச் சொன்னால், எளிதில் கிடைப்பதை எல்லாம் வேகமாக எடுத்துவிடும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். வட்டைத் துடைத்துவிட்டு அதே வரைபடக் கோப்புடன் மறுபடி ஓட்டினால் விடுபட்ட பகுதிகளை மட்டும் தேடிப் போகும். என் கணினியில் படிக்காமல் அடம்பிடித்த திருமண டிவிடியின் மீதியை, நண்பரின் வெளி டிரைவை யூஎஸ்பியில் செருகித்தான் நிரப்பினேன். ஒரு டிரைவ் படிக்காத பகுதியை இன்னொன்று படித்துவிடுவது இப்படி அடிக்கடி நடக்கிறது.

வெளி டிரைவ் பயன்படுத்துபவர்கள் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவில் ஓட்டி, டிரைவின் வரியில் 480எம் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12எம் என்று இருந்தால் அது பழைய யூஎஸ்பி வேகம். நொடிக்கு ஒரு மெகாபைட் தேறுவதே கடினம். இடையில் உள்ள ஹப்பையோ கேபிளையோ நீக்கி, கணினியின் துளையிலேயே நேராகச் செருகிப் பாருங்கள்.