6,400 ரூபாய் போச்சு: கிட்டார் ‘ஹம்’ எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சென்னையில் ஒரு இசைக்கருவி சர்வீஸ் கடை. பெயர் போடவில்லை. ‘நாய்ஸ் ஃப்ரீ பேக்கேஜ்’ என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் ரகம். அங்கே 6,400 ரூபாய் அழுதும், சரிசெய்யக் கொடுத்த ஹம் (வாசிக்காதபோதும் ‘ஊ’ என்று வரும் இரைச்சல்) அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிட்டார், மூன்று பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். கம்பியைத் தொட்டாலும் ஹம் மாறாது. ஜாக்கின் (கேபிள் செருகும் துளை) உலோகத் தகட்டைத் தொட்டால் மட்டும் பாதியாகக் குறையும். இதைச் சொல்லித்தான் கிட்டாரை ஒப்படைத்தது. வேலை தெரிந்தவனுக்கு இந்த ஒரு வரி போதும். ஜாக்கில் கிரவுண்ட் (எர்த் இணைப்பு) இருக்கிறது, பிரிட்ஜுக்குப் (கம்பிகளைக் கீழ்முனையில் தாங்கும் உலோகப் பாகம்) போகும் கிரவுண்ட் வயர் விட்டுப்போயிருக்கிறது. வால்யூம் பாட்டின் (சத்தக் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகிலிருந்து வரும் அந்த வயரைப் பின்பக்கம் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் இரும்புத் தகட்டில் மறுபடி பற்றவைத்தால் முடிந்தது. ஒரு துளி ஈயத்து வேலை.

அவர்கள் சொன்னது: “மூணு பாட்டும் போயிடுச்சு ப்ரோ, ஸ்விட்சும் வீக். ஃபுல்லா காப்பர் ஷீல்டிங் போட்டாத்தான் நிக்கும்.” பில்: ஷீல்டிங் (உள்ளே உலோகத் தாள் ஒட்டி இரைச்சலைத் தடுப்பது) 2,800, பாட் 1,500, ஸ்விட்ச் 900, கூலி 1,200.

டெலிவரி அன்றைக்கு நடந்ததுதான் பெரிய கூத்து. கடை ஆம்பில் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) செருகிக் காட்டினார்கள். மயான அமைதி. “பாத்தீங்களா ப்ரோ, எங்க வேலை” என்று சிரிப்பு வேறு. பணம் கைமாறியது. ஆனால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே ஒரு பெடல்போர்டு (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டிகள் வைத்த பலகை), அதில் நாய்ஸ் கேட் ஆன். கேட் என்பது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வரும் சத்தத்தை எல்லாம் அடைத்துவிடும். வாசிக்காதபோது ஹம்மும் சேர்ந்து அடைபடும். ஒரு நோட்டை நீட்டி வாசித்து விட்டால், அது மெல்லத் தேயாமல் கடைசியில் கத்தரித்தாற்போல நிற்கும். காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான். அதனால்தான் அங்கே யாரும் நீட்டி வாசிக்கவில்லை, சட்சட்டென்று ரிதம் மட்டும் தட்டினார்கள்.

வீட்டில் நேராக ஆம்பில் செருகியதும் பழைய ‘ஊ’. போன் செய்தால் முதலில் “உங்க வீட்டு கரண்ட் சரியில்ல ப்ரோ”. அப்புறம் “கேபிள் மாத்திப் பாருங்க”. அப்புறம் “சிங்கிள் காயில்னாலே அப்படித்தான்”. இந்தக் கடைசியில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் எரிச்சல். சிங்கிள் காயில், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் காந்த ஹம்மை வாங்கும்; காப்பர் ஷீல்டிங் அதைத் தடுக்காது. (அப்படியானால் 2,800 எதற்கு?) ஆனால் அந்த ஹம் கிட்டாரைத் திருப்பத் திருப்பக் கூடும், குறையும். நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று வகையாக இருந்தால் ஸ்விட்சின் 2, 4 பொசிஷன்களில் (இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் இடங்கள்) அடங்கிவிடும். ஜாக்கைத் தொட்டுக் குறைவது வேறு வியாதி. இதைச் சொன்னதும் “ஓனர் வெளியூர்ல இருக்கார்”. இப்போது போனே எடுப்பதில்லை.

திறந்து பார்த்தால் வயிறு எரிகிறது. காப்பர் என்றது சமையலறை அலுமினியத் தாள், சாதாரணப் பசையில் துண்டு துண்டாக ஒட்டியது. அந்தப் பசை மின்சாரம் கடத்தாது. மல்டிமீட்டர் வைத்தால் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் தொடர்பே இல்லை. எதுவும் கிரவுண்டிலும் சேரவில்லை. ‘புதுப்’ பாட்கள் அதே பழைய 250கே (250 கிலோ ஓம்), தண்டில் பச்சைக் களிம்போடு. ஸ்பிரிங் தகட்டில் ஈயம் முத்துப்போல உருண்டு உட்கார்ந்திருக்கிறது. நகத்தால் நெம்பினால் வயரோடு கையில் வருகிறது. அந்தத் தகடு சூட்டை உறிஞ்சும். 25 வாட் சால்டரிங் அயர்னால் தொட்டுவிட்டு எடுத்தால் ஈயம் பிடிக்காது. அரத்தால் பளபளவென்று தேய்த்து, ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பூச்சு) வைத்து, 60 வாட் அயர்னில் தகடே சூடான பிறகு ஈயம் விட வேண்டும். 6,400 ரூபாய்க்கு இதைக்கூடச் செய்யவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும்:

கடைக்குப் போகும் முன் கிட்டாரில் கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நீளமான உலோகப் பகுதியில் மீட்டரின் ஒரு முனை, பிரிட்ஜில் மறுமுனை. ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அந்த வயர்தான்.

கம்பியைத் தொட்டால் ஹம் கூடுகிறதா? ஜாக்கில் வயர் இரண்டும் இடம் மாறியிருக்கலாம்.

பழைய பார்ட்டைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெடல் எதுவும் இல்லாமல் ஒரே கேபிளில் நேராக ஆம்பில் போடச் சொல்லுங்கள்.

முக்கியமாக, “ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துடுங்க, ஹம் போயிடும்” என்று இதே கடையில் போனில் சொன்னார்கள். செய்யாதீர்கள். ஆம்புக்குள் லீக்கேஜ் இருந்தால் அது நேராகக் கம்பிக்கு வரும். கையில் கிட்டாரோடு மைக்கில் வாய் வைத்தால் ஷாக் அடிக்கும், ஆளையே கொல்லும்.