வீட்டில் செய்த ஸ்லைடு கிளவுஸ்: எட்டு மாதம் ரோட்டில் தேய்த்த பிறகு

லாங்போர்டில், அதாவது நீளமான ஸ்கேட்போர்டில், இறக்கத்தில் வரும்போது காலை ரோட்டில் தேய்த்து நிற்பதெல்லாம் ஓரளவு வேகம் வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் ஸ்லைடுதான் ஒரே வழி. உடம்பை நன்றாகத் தாழ்த்தி, ஒரு கையை ரோட்டில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்பி, சக்கரங்களைச் சறுக்க விட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி மலைச் சாலைகளில் கிளிஃப் கோல்மன் ஓட்டிப் பழக்கிய முறை இது. இன்றைக்கும் கோல்மன் ஸ்லைடு என்றுதான் சொல்கிறார்கள். அப்படி ஊன்றுகிற கைக்குத்தான் ஸ்லைடு கிளவுஸ். ஒரு தோல் கையுறை, உள்ளங்கையில் வெல்க்ரோ, அதன் மேல் ஒட்டி நிற்கும் வட்டமான பிளாஸ்டிக் கட்டை, அவ்வளவுதான். அந்தக் கட்டைக்குப் பக் என்று பெயர்.

முதலில் நான் வாங்கியது ஆன்லைனில் வந்த ஒரு வெளிநாட்டு ஜோடி. வரி, கூரியர் எல்லாம் சேர்த்து ஒரு நல்ல ஷூ வாங்குகிற காசு ஆயிற்று. மூன்றாவது நாள், நான்காவதோ ஐந்தாவதோ ஸ்லைடு, கையை ஊன்றியவுடன் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ வழுக்கி விலகுவது தெரிந்தது. வெல்க்ரோ கிளவுஸில் அப்படியே இருக்கிறது, பக் மட்டும் தனியாகக் கழன்று ரோட்டில் உருண்டு போகிறது. பின்பக்கம் ஒட்டியிருந்த பசை சூட்டில் இளகி, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்திருந்தது. தோல் கிழிந்து, உள்ளங்கையின் கீழ் மேட்டில் ஒரு ரூபாய் அளவுக்குச் சதை போய்விட்டது. இரண்டு வாரம் சாப்பாடு ஸ்பூனில்தான்.

அதற்குப் பிறகுதான் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். எட்டு மாதத்தில் இரண்டு விதமாகச் செய்து ஓட்டிவிட்டேன். இரண்டையும் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் இதைத் தேடினால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

முதல் ஜோடிக்குப் பக் செய்தது காய்கறி வெட்டும் கட்டிங் போர்டில். உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள், காரணம் அது எச்டிபிஇ பிளாஸ்டிக், வழுக்கும், சட்டென்று உடையாது. ஆனால் எல்லாக் கட்டிங் போர்டும் எச்டிபிஇ கிடையாது. திருப்பிப் பார்த்தால் சின்ன முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் எச்டிபிஇ, 5 என்றால் பாலிபுரொப்பிலீன். 2 போட்டதையே எடுங்கள். பாத்திரக் கடையில் கிடைக்கும் மெல்லிசு போர்டும் வேண்டாம், ஹோட்டலுக்குச் சாமான் விற்கிற கடையில் 12 மி.மீ. கனத்தில் கேட்டு வாங்கலாம். டிரில்லில் ஹோல் சா மாட்டி 75 மி.மீ. வட்டமாக வெட்டினேன். மெதுவாக ஓட்ட வேண்டும், அவசரப்பட்டால் பிளாஸ்டிக் உருகி பிளேடிலேயே ஒட்டிக்கொள்ளும். எடை போட்டுப் பார்த்தால் ஒரு பக் ஏறக்குறைய 50 கிராம். கையில் இருப்பதே தெரியாது.

எனக்கு நேரம் பிடித்தது விளிம்பில்தான். விளிம்பு கூராக இருந்தால் கையை ஊன்றும்போது ரோட்டில் குத்தி நிற்கும், கை நிற்கும், உடம்பு நிற்காது, மணிக்கட்டு மடங்கும். அதனால் சுற்றி வழித்து உருட்ட வேண்டும். உப்புத்தாள் போட்டால் பிளாஸ்டிக் பஞ்சு பஞ்சாகக் கிளம்பித் தாளை அடைத்துவிடுகிறது. கூரான கத்தியால் சீவிவிட்டு, கடைசியில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

இது நன்றாகத்தான் இருந்தது. பழகுகிறவர்களுக்கு இதுவே போதும் என்பேன், செலவும் மிகக் குறைவு. ஆனால் நம் ஊர் ரோடு பெர்க்லி ரோடு இல்லை. நான் ஓட்டுவது கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், மனை போட்டு இன்னும் வீடு வராத ஒரு லேஅவுட்டில். தார் ரோடு, மேலே சல்லி நீட்டிக்கொண்டிருக்கும். (ஊட்டி ரோட்டிலோ வால்பாறை ரோட்டிலோ பஸ்ஸுக்கு நடுவில் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள், தயவுசெய்து. ஹெல்மெட் இல்லாமல் லேஅவுட்டிலும் வேண்டாம்.) இந்தச் சல்லி ரோட்டில் 12 மி.மீ. பக் ஆறே வாரத்தில் 5 மி.மீ. ஆகிவிட்டது. அதுவும் சமமாகத் தேயவில்லை, நான் எப்போதும் உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் அழுத்துவதால் அந்தப் பக்கம் மட்டும் ஆப்பு மாதிரி சரிந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை பக்கைக் கழற்றி கால் சுற்று திருப்பி ஒட்டினால் சமமாகத் தேயும் என்று பிறகுதான் புரிந்தது. வட்டமாக வெட்டுவதன் பயனே அதுதான்.

இரண்டாவது ஜோடி டெல்ரின், மெஷின் பாகம் கடைகிற கெட்டியான ஒரு பிளாஸ்டிக். இங்கேதான் கோயம்புத்தூரில் இருப்பதன் அருமை தெரிந்தது. பம்புக்கும் மில் மெஷினுக்கும் உதிரிபாகம் கடைகிற ஊர், ஒவ்வொரு தெருவிலும் ஒரு லேத் பட்டறை, டெல்ரின் ராடு எல்லாம் அவர்களுக்குப் பழகிய சரக்கு. நான் போன பட்டறை கணபதி ஏரியாவில் இரண்டே லேத் வைத்திருக்கும் ஒரு சின்ன இடம். "அண்ணா, டெல்ரின்ல 80 எம்எம் வட்டம், 14 கனம், ரெண்டு பீஸ் வேணும்" என்றேன். "எந்த மெஷினுக்குங்க தம்பி?" என்றார். மெஷினுக்கு இல்லை, கையில் மாட்டி ரோட்டில் தேய்க்க என்று சொன்னதும் வெளியே வந்து வண்டியில் இருந்த போர்டைப் பார்த்தார், தேய்ந்த கட்டிங் போர்டு பக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வழுக்கணும்னா டெஃப்ளான்ல போட்டுக்கலாமுங்களே" என்றார். டெஃப்ளான் வழுக்கும், ஆனால் மெத்தென்று இருக்கும், சல்லி ரோட்டில் சீக்கிரம் கரைந்துவிடும் என்றேன். "அதும் சரிதானுங்க" என்று யோசித்துவிட்டு அவர் சொன்னதுதான் இந்த ஜோடியை மாற்றிய விஷயம். நான் விளிம்பை 45 டிகிரியில் சாய்க்கச் சொன்னேன். "சாய்ச்சா அங்க ரெண்டு முனை வருமுங்க, அதும் குத்துமல்ல? ரேடியஸே புடிச்சுத் தர்றேன்" என்று, டூலைத் தீட்டி 6 மி.மீ. ரேடியஸில் உருட்டிக் கொடுத்தார். வெள்ளைச் சுருள் ரிப்பன் போல வந்துகொண்டே இருந்தது. நான் கத்தியில் ஒரு மாலை முழுக்கச் சீவியது அவருக்கு நான்கு நிமிஷம்.

இன்னொன்றும் கேட்டேன், பக்கவாட்டில் சுற்றி ஒரு மெல்லிய கோடு, பின்பக்கத்திலிருந்து 8 மி.மீ. உயரத்தில். வெல்க்ரோவை ஸ்குரூ போட்டுப் பிடிக்கப் போகிறேன், ஸ்குரூ 6 மி.மீ. ஆழம் இறங்கும். ரோடு அந்தக் கோட்டைத் தொட்டால் பக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான், அதற்கு மேல் தேய்ந்தால் ஸ்குரூ முனை ரோட்டுக்கு வந்துவிடும். வண்டி டயரில் தேய்மான அடையாளம் இருக்கிற மாதிரி.

டெல்ரின் பக் ஒன்று 100 கிராமுக்குக் கொஞ்சம் கீழே, கட்டிங் போர்டு பக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் நாள் கை கனக்கிறது, பிறகு மறந்துவிடுகிறது. ஆனால் சறுக்குகிற விதம் வேறு. எச்டிபிஇ ரோட்டைக் கொஞ்சம் உரசிக்கொண்டே போகும், டெல்ரின் கெட்டி என்பதால் சத்தத்தோடு, தடையில்லாமல் ஓடும். ஊன்றிய கையில் பாரம் அதிகம் போட்டாலும் பிடித்து இழுப்பதில்லை. ஐந்து மாதத்தில் 14லிருந்து 10.5 மி.மீ. ஆகியிருக்கிறது. பொருளும் கூலியும் சேர்த்து ஜோடி 450 ரூபாய்.

சரி, பக் எதில் செய்தாலும் அது கையோடு இருப்பது ஒட்டுகிற முறையில்தான் இருக்கிறது. எச்டிபிஇ என்பது தண்ணீர் டிரம் செய்கிற பிளாஸ்டிக், அதில் எந்தப் பசையும் உருப்படியாகப் பிடிக்காது. டெல்ரினும் அப்படித்தான். ஆகவே பின்பக்கம் ஒட்டுகிற வெல்க்ரோவை நம்பவே வேண்டாம். கொக்கிப் பக்கத்தைப் பக்கின் மேல் வைத்து, ஐந்து சின்ன ஸ்குரூ, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாஷர். சுற்றி நான்கு, நடுவில் ஒன்று. ஸ்குரூ தலைக்குப் பட்டறையிலேயே குழி எடுத்து வாங்கிவிட்டேன், இல்லையென்றால் தலை உள்ளங்கையில் உறுத்தும்.

கிளவுஸ் பக்கம் பஞ்சு வெல்க்ரோ. இதைத் தையல் மெஷினில் போடலாம் என்று ஒரு பேக் ரிப்பேர் கடையில் கொடுத்தேன், நெருக்கமாகப் பொடித்தையல் போட்டுவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது, இரண்டாவது வாரத்தில் தோல் தபால்தலை கிழிகிற மாதிரி ஓட்டை வரிசையோடு கிழிந்தது. பிறகு பஸ் ஸ்டாப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். அவர் குத்தூசியால் ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டு, மெழுகு தடவிய நைலான் நூலில், 5 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு வரிசை, நடுவில் ஒரு பெருக்கல் குறி என்று தைத்தார். கேட்காமலே முடிச்சையெல்லாம் வெல்க்ரோ பக்கம் வைத்துவிட்டார், "உள்ள வெச்சா கை கொப்புளிக்கும் சாமி" என்றார். எட்டு மாதத்தில் அந்தத் தையலில் ஒரு நூல்கூட விடவில்லை. 80 ரூபாய் கேட்டார், 150 கொடுத்தேன், அதுவும் குறைவுதான்.

கையுறையைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரண வெல்டிங் கிளவுஸ் ரொம்பத் தடிப்பு, விரலை மடக்கவே முடியாது. ஆர்கான் வெல்டிங்குக்கு என்று மெல்லிய ஆட்டுத்தோலில் வரும், அதை வாங்குங்கள். நீளமான கைப்பகுதியை வெட்டிவிட்டு மணிக்கட்டில் ஒரு பட்டி வைத்துக்கொள்ளலாம், இறுக்கமாக இருக்க வேண்டும், கிளவுஸ் கைக்குள் சுற்றினால் பக் இடம் மாறிவிடும். நூலில் பின்னிய, ரப்பர் புள்ளி வைத்த கிளவுஸ் எல்லாம் இதற்கு ஆகாது, ஒரே ஸ்லைடில் போய்விடும். வியர்வையில் நனைந்ததை வெயிலில் காயப் போட்டால் தோல் வறட்டி மாதிரி விறைத்துவிடும், நிழலில் போடுங்கள். விரல் நுனிகள் தேய்ந்துகொண்டே இருந்தால் கிளவுஸில் தப்பில்லை, ஊன்றும்போது விரலை மேலே தூக்கப் பழக வேண்டும். எனக்கு வலது கை நடுவிரல் மட்டும் இன்னும் தாழ்கிறது, அங்கே பழைய பேக் தோலில் ஒரு ஒட்டு போட்டிருக்கிறேன்.

மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் டெல்ரின் ஜோடி, கையுறை, தையல் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள். நான் வாங்கி ஏமாந்த ஜோடியில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை, பிடிப்பில் அதைவிட எவ்வளவோ மேல். புதிதாகப் பழகுகிறவர் கட்டிங் போர்டில் தொடங்கட்டும், ஆனால் தையலிலும் ஸ்குரூவிலும் முதல் நாளிலிருந்தே காசு பார்க்க வேண்டாம்.

போன வாரம் தேய்ந்த பக்கைப் பட்டறை அண்ணாவிடம் காட்டினேன். வெர்னியரில் நான்கு இடத்தில் அளந்து பார்த்தார், அரை மி.மீ.க்குமேல் வித்தியாசம் இல்லை. விசைத்தறியில் நாடாவை (ஷட்டிலை) அடித்துத் தள்ளுகிற பிக்கர் செய்யும் பிளாஸ்டிக் ஒன்று இருக்கிறது, யுஎச்எம்டபிள்யூ என்பார்கள், எடையும் கட்டிங் போர்டு அளவுதான், நாள் முழுக்க அடி வாங்கியும் தாங்கும். சோமனூர்ப் பக்கம் போகும்போது அதில் ஒரு துண்டு வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதே 80, அதே 14, அதே ரேடியஸ். இடது கைக்கு டெல்ரின், வலது கைக்கு அது என்று மாட்டிக்கொண்டு ஒரே இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.